முன்னால் சுருங்கிய சாலை

சில வருடங்கள் நான் ஓர் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் வேலை பார்த்தேன். நாடி பிடிப்பது, ஆக்சிஜன் வைப்பது, ஊசி போடுவது, கூட வருகிறவர்கள் மயங்கி விழாமல் பேச்சுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. முன்பக்கத்தில் டிரைவராக அவர். அத்தனை காலத்தில் அவர் வண்டியை விரட்டி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

முதல் வாரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வண்டி நிற்பது கம்பத்தில். அங்கிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி, தேனிக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையெல்லாம் அப்போது வரவில்லை. ஒவ்வொரு கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். பின்னால் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார். இவரோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி நிதானமாக ஓட்டுவார்.

"அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றேன் ஒரு நாள்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "மிதிக்கேன். நீ அந்த ஆட்டத்துல ஊசி போட்டுருவியா ஆத்தா?"

போட முடியாது. அது எனக்கும் தெரியும்.

ஒடிசலான ஆள். சீருடைச் சட்டையை மேல் பட்டன் வரை போட்டிருப்பார். சைரனை அவர் ஒப்பாரி என்பார். ஆள் இல்லாத ரோட்டில் அதை அணைத்துவிடுவார். "படுத்திருக்க ஆளுக்கு உசுரு இருக்கும்போதே எதுக்கு ஒப்பாரி?" அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். எந்த ஊருக்கு வழி கேட்டாலும் சிலர் "இந்தா பக்கத்துலதான்" என்பார்கள் இல்லையா, அவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பக்கமா தூரமாங்கிறத நிக்கிறவன் சொல்லக்கூடாது. படுத்திருக்கவன் சொல்லணும்" என்று வண்டியைக் கிளப்பிய பிறகும் முனகிக்கொண்டே வருவார்.

அவ்வப்போது இன்னொரு காரியமும் செய்வார். டியூட்டி மாறும் நேரத்தில் அடுத்த டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்னால் வந்து ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, "இது அனுமந்தன்பட்டி பள்ளம். புதுசா வந்திருக்கு" என்பார். எந்த இடத்தில் முதுகில் இடிக்கிறது, எந்த வேகத் தடையில் தலை தூக்கிப் போடுகிறது என்பதைத் தன் உடம்பாலேயே தெரிந்துவைத்துக்கொள்வார். கம்பத்தில் மற்ற டிரைவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் உலகத்திலேயே வேகமான வண்டியின் மேல் பித்து.

அழைப்பு வராத நேரங்களில் போனில் வானவியல் வீடியோ பார்ப்பது அவர் பழக்கம். தமிழில் யாரோ விளக்கிப் பேசுவதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். நட்சத்திரங்களுக்கு ஒரு ஆயுசுக்குள் போய்ச் சேர முடியாது, ஒளியைவிட வேகமாக எதுவும் ஓடக் கூடாது என்பது இயற்கையின் சட்டம். ஆனால் அந்தச் சட்டம் ஓடுகிற பொருளுக்குத்தான். அதைச் சுற்றியிருக்கிற வெளிக்குக் கிடையாதாம். வெளி வளையும், சுருங்கும், நீளும். இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை. 'வெளி' என்ற சொல் அவர் வாயில் வராது. 'இடம்' என்றுதான் சொல்வார்.

ஸ்ட்ரெச்சர் விரிப்பின் இரண்டு முனைகளை நான் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டை அவர் பிடித்துக்கொள்வார். நடுவில் ஒரு சலைன் பாட்டில். விரிப்பு குழிந்து, ஓரத்தில் வைத்த பிளாஸ்திரிச் சுருள் தானாக உருண்டு பாட்டிலிடம் போகும். "பாத்தியா? எடை இருக்க பக்கம் இடம் வளையுது. அத யாரும் இழுத்துப் போகல, இடமே அப்பிடி ஆயிருச்சு."

ஒரு துண்டை எடுத்து, ஒரு முனை கம்பம், மறு முனை தேனி என்று வைத்துக்கொண்டு, துண்டை மடித்து இரண்டு முனையையும் ஒட்டவைத்துக் குறுக்கே ஓட்டை போட்டுப் போகிற வித்தையும் ஒன்று உண்டாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்ப நடுவுல இருக்க சின்னமனூர்க்காரன் என்ன ஆவான்?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

அவருக்குப் பிடித்தது இன்னொன்று. கப்பல் ஒரு குமிழிக்குள் இருக்கும். குமிழிக்கு முன்னால் இருக்கும் இடம் சுருங்கும், பின்னால் இருக்கும் இடம் நீளும். "நாம ஓடவே இல்ல ஆத்தா. நடுவுல சும்மா உக்காந்திருக்கோம். முன்னால உள்ள தூரம் கொறையுது, பின்னால கூடுது. ஒளியைவிட வெரசாப் போய்ச் சேருவோம், உள்ள இருக்கவுகளுக்குக் குலுக்கலே இருக்காது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மலரும். வேகத்தைவிட அந்தக் குலுக்கல் இல்லாமைதான் அவரை மயக்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அப்போது ஒரு இளம் டாக்டர் இருந்தார், வேறு ஊர்க்காரர். நோயாளியை இறக்கிவிட்டு டீ குடிக்கும் இடைவெளியில் இவர் அந்த டாக்டரைப் பிடித்துக்கொள்வார். டாக்டருக்கும் இந்த மாதிரி விஷயங்களில் ருசி இருந்தது.

"அதுல ரெண்டு சிக்கல் இருக்குண்ணே" என்றார் டாக்டர் ஒரு நாள். "ஒண்ணு, அந்தக் குமிழிய உண்டாக்க ஒரு சக்தி வேணும். அது ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழ இருக்கணும். அப்படி ஒண்ணு அந்த அளவுக்கு யார் கையிலயும் இல்ல. இன்னொண்ணு, உள்ள உக்காந்திருக்கவரு முன்னால இருக்கிற குமிழிச் சுவருக்கு எந்தச் சேதியும் அனுப்ப முடியாது. லைட் அடிச்சாக்கூடப் போய்ச் சேராது. கிளம்பிட்டா திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது."

"அப்ப எப்பிடித்தான் போறது?"

"வெளிய இருக்கவங்க யாராவது வழி பூரா முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கணும்."

திரும்பி வரும்போது, டாக்டர் சொன்னது அவரை உடைத்துவிட்டது என்று நினைத்தேன். சின்னமனூர் கடைத்தெருவில் வண்டியை ஓரங்கட்டி, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் செல்லப்பாண்டி என்கிற ஆட்டோக்காரரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் பாத்திமா அக்காவிடம் பேசினார். மறுநாள் வீரபாண்டி டீக்கடை.

எங்கள் சங்கிலி அப்படித்தான் உண்டானது. கம்பத்தில் நோயாளியை ஏற்றியதும் அவர் பாத்திமா அக்காவுக்கு ஒரு போன் போடுவார். "அக்கா, வர்றேன்." அவ்வளவுதான். அதன் பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். அக்கா பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆளை நிறுத்திவிட்டுச் செல்லப்பாண்டிக்குச் சொல்வார். செல்லப்பாண்டி சின்னமனூர்க் கடைத்தெருவில் தள்ளுவண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வீரபாண்டிக்குச் சொல்வார். நாங்கள் போகும்போது ரோடு திறந்து கிடக்கும். எந்த ஊரிலும் பிரேக் போட வேண்டியிருக்காது. அதே நிதானத்தில் போய், விரட்டிக்கொண்டு வரும் மற்ற வண்டிகளுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம்.

அதன் பிறகு நான் அவரை மிதிக்கச் சொல்லவில்லை.

அவர் மனைவி, எனக்கு மதினி, இந்தப் பித்தையெல்லாம் ஒரு பொருட்டாக மதித்ததே கிடையாது. வீடு கம்பத்திலேயே இருந்தது. மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது எனக்கும் ஒரு தூக்கில் குழம்பு ஊற்றிக் கொண்டுவருவார். வாய் கொஞ்சம் அதிகம்.

"ஆகாசத்துல வழி கண்டுபிடிக்கிற மனுசன், ரேசன் கடைக்குப் போகச் சொன்னா வழி தெரியாதுங்குறாக" என்பார். இன்னொரு நாள் என் தோளைத் தொட்டு, "ஆத்தா, எனக்கு ஒண்ணுன்னா இவுக வண்டியில ஏத்திராத. பஸ்ஸுல ஏத்தி விட்டுரு. பஸ்ஸுக்காரன் முன்னாடி கொண்டுபோயிருவான்" என்றார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராக டியூட்டிக்கு வந்திருந்தேன். அழைப்பு வந்தது, சொன்ன விலாசம் அவருடைய வீடு. அவர் வண்டியைக் கிளப்பினார். மதினி அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெ தெறிச்ச மாதிரி நெஞ்சுல எரியுது" என்றார். கம்பம் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, இருதயம்தான், நிற்காமல் தேனிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிவிட்டு அவர் வழக்கம் போல போனை எடுத்தார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

"அக்கா, வர்றேன்."

குரல் எப்படியோ இருந்திருக்க வேண்டும். எதிர்முனையில் அக்கா என்றுமே கேட்காத கேள்வியைக் கேட்டார் போல. அவர் கொஞ்சம் தயங்கி, "நம்ம வீட்லதான்க்கா" என்றார். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் அதே நிதானம்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. வெகு காலம் கழித்து மறுபடியும், "அண்ணே, இன்னைக்காவது மிதிங்கண்ணே" என்றேன்.

"முன்னால வழி இருக்கு ஆத்தா. நீ கைய விட்றாத."

மதினியின் மணிக்கட்டு என் விரலுக்கு அடியில் இருந்தது. நாடி மெலிந்து இருந்தாலும் ஒழுங்காக ஓடியது. அனுமந்தன்பட்டிப் பள்ளத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் ரோடு துடைத்து வைத்தது போல இருந்தது. பாத்திமா அக்கா கடை வாசலில் இரண்டு கைகளையும் ஏந்தி நின்றிருந்தார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து மதினி என்னவோ சொன்னார். குனிந்து கேட்டேன். "பஸ்ஸுல போயிருக்கலாம்" என்றார். அந்த நிலைமையிலும் அந்த வாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சின்னமனூருக்கு முன்னாலேயே எதிரில் பைக்குகள் வந்தன. எங்களைப் பார்த்ததும் ரோட்டிலேயே வண்டியைத் திருப்பி, கையை வீசிக்கொண்டு முன்னால் போனார்கள். வழி காட்டுகிறார்களாம். ஊருக்குள் நுழைந்ததும் பார்த்தால் கடைத்தெரு முழுக்க ஆள். ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் ரோட்டில் நின்றது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள், கூட ஏறிக்கொள்ள வந்தவர்கள், மதினி முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வந்த பெண்கள். எத்தனையோ பேரை அவர் அந்த வழியாகக் கொண்டு போயிருக்கிறார். அங்கே நின்றவர்களில் பாதிப் பேருடைய வீட்டு ஆட்களை அவர்தான் பிழைக்க வைத்தார் என்று அந்த ஊர் நம்பியது. யார் வீட்டு ஆளோ போனபோதெல்லாம் ஒதுங்கி நின்றவர்களால், இவர் வீட்டு ஆள் என்றதும் ஒதுங்கி நிற்க முடியவில்லை.

வண்டி நின்றது. நான் வேலை பார்த்த காலத்தில் நோயாளியோடு சின்னமனூரில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

செல்லப்பாண்டி, "ஏலே, ஒதுங்குங்கலே, ஒதுங்குங்கலே" என்று கத்திக்கொண்டு பைக்குகளைத் தள்ளினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து வேண்டிக்கொண்டிருந்தாள். ஒதுங்க நினைத்தவர்களுக்கும் ஒதுங்க இடமில்லை, பின்னாலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஹாரனை அடிக்கவில்லை. ஜன்னலை இறக்கி, "வழி விடுங்கய்யா" என்றார். யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பின்னாலிருந்து எனக்கு அவர் கழுத்து மட்டும் தெரிந்தது, வேர்வையில் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்பதற்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஒருவழியாக வழி கிடைத்து, ஊரைத் தாண்டி, வாழைத் தோட்டத்தை ஒட்டி ரோடு திரும்பும் இடத்தில் என் விரலுக்கு அடியில் நாடி நின்றது. முகமூடியை ஒதுக்கிவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வரும் வரை அழுத்திக்கொண்டே வந்தேன். அந்த இளம் டாக்டரும் வெகுநேரம் முயன்றார்.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. பெரிய அடைப்பு. பிழைச்சிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். நானும் அப்புறம் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். என்னாலும் சொல்ல முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கன ஆத்தா?"

"சின்னமனூர் தாண்டி, வாழைத் தோட்டத்துத் திருப்பத்துலண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் கம்பத்தில் அவர் வீட்டு வாசலில் சின்னமனூர் ஆட்டோக்காரர்கள் வந்து நின்றார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்கள், உள்ளே வரவில்லை. அவர்தான் எழுந்து வெளியே போனார். எனக்கு என்னவோ போல இருந்தது, நானும் பின்னாலேயே போனேன்.

செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "எங்களாலயாண்ணே?"

"கிறுக்குப் பயலே. பாளையம் தாண்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுய்யா. நீங்க அங்கன நின்னாலும் நிக்காட்டாலும் ஒண்ணுதான்." அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளைதான கூட இருந்துச்சு. கேட்டுக்க."

உத்தமபாளையத்தில் மதினி என்னிடம் பேசிய பேச்சு என் காதிலேயே இருந்தது. அவ்வளவு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றேன். "பாளையத்துக்கு முன்னாடியே."

செல்லப்பாண்டி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். அண்ணன் குனிந்து அவரைத் தூக்கி, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அந்தப் பொய்யை இன்று திரும்பச் சொல்லச் சொன்னாலும் நான் சொல்வேன்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்கு வந்த அன்று, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று அழைப்பு. கம்பத்தில் முதலுதவி முடித்துத் தேனிக்கு ஏற்றினோம். கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றேன். அவர் இனிமேல் யாருக்கும் போன் போட மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். போட்டாலும் அந்த முனையில் யார் எடுப்பார்கள்?

அவர் போனை எடுத்தார்.

"அக்கா, வர்றேன்."

அக்கா அழுதார் போலிருக்கிறது. பிறகு, "அக்கா, ஒண்ணு மட்டும். இனிமே யாருன்னு என்னையக் கேக்காதீக. நானும் சொல்ல மாட்டேன். அம்புட்டுத்தான்" என்றார். போனை அணைத்துப் பையில் போட்டார்.

அதே நிதானம். உத்தமபாளையம் திறந்து கிடந்தது. சின்னமனூர் நெருங்கியதும் நான் முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். கடைத்தெருவில் ஒரு ஆள் ரோட்டில் இல்லை. ஆட்டோக்கள் சந்துக்குள் போயிருந்தன. ஆட்கள் கடைச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார்கள். செல்லப்பாண்டி மட்டும் தெருவின் கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து எதிரே வரும் பஸ்ஸை மறித்து நின்றார். நாங்கள் தாண்டிப் போகும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கண்ணாடி வழியாக நான்தான் பார்த்தேன். அவர் கையை இறக்கினார், ஜனங்கள் மறுபடி ரோட்டுக்கு வந்தார்கள், ஊர் சின்னதாகிக்கொண்டே போனது.

குமிழியைப் பற்றியும் வளைந்த இடத்தைப் பற்றியும் அதன் பிறகு அவர் பேசிக் கேட்டதில்லை. போனில் பழைய பாட்டு கேட்பதோடு சரி. ஓய்வு பெற்று மகளோடு இருக்கத் திருப்பூர் போகும் வரை அந்தச் சங்கிலி மட்டும் அறுந்ததில்லை. யார் என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஆனால் ஒன்று. அவர் வேலைக்குத் திரும்பிய அந்த முதல் நாளில் சின்னமனூரைத் தாண்டியதும் வாழைத் தோட்டம் வந்தது. ரோடு திரும்பியது. முன்னால் திறந்து கிடந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ஆத்தா, இருக்கா?"

மருந்தடித்தவரின் மணிக்கட்டில் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்குண்ணே."

"விட்றாத" என்றார்.

அதன் பிறகு எந்த நோயாளியை ஏற்றிப் போனாலும் அந்தத் திருப்பத்தில் அதைக் கேட்காமல் அவர் போனதில்லை. தடுப்பூசிக்கு வந்து காய்ச்சல் கண்ட குழந்தையோ, கால் ஒடிந்த ஆளோ, யாராக இருந்தாலும் கேட்பார். நானும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இருக்குண்ணே என்பேன்.